லாப்ரடார் வளர்க்கப் போகிறீர்களா? குணமும் பழக்கும் முறையும்: முழுமையான வழிகாட்டி

லாப்ரடார் சாது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், சொன்னதைக் கேட்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான், ஆனால் யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வேலை பார்த்த வீட்டில், அதுவும் இரண்டு வயதுக்குப் பிறகுதான் அந்த மூன்றையும் முழுசாகப் பார்க்க முடியும். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காத வீட்டில் அதே நாய் எட்டு மாதத்தில் 25 கிலோவைத் தாண்டிய உடம்போடு வருகிறவர்கள் நெஞ்சில் இரண்டு முன்கால்களையும் வைத்து நிற்கும், செருப்பு, ரிமோட், சோபா நுனி எதையும் மிச்சம் வைக்காது, வெளியே கூட்டிப்போனால் கை மூட்டு வலிக்கிற மாதிரி இழுக்கும். அப்புறம் "எங்க லேப் பேச்சே கேக்க மாட்டேங்குது, யாராவது எடுத்துக்கிறீங்களா" என்று ஒரு படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். அந்தப் படத்தில் இருக்கும் நாய் பெரும்பாலும் ஒரு வயதுகூட ஆகாதது. பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாகிவிடுகிறது, ஏனென்றால் முதல் சில மாதங்களில் தினமும் கால் மணி நேரம் செலவழித்திருந்தால் அந்த நாய் அந்த வீட்டிலேயே இருந்திருக்கும்.

இந்த இனத்தின் குணத்தை நான் மூன்று சொல்லில் வைத்துக்கொள்வேன்: வாய், வயிறு, ஆள்பிரியம். எதையாவது வாயில் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், எப்போதும் பசித்துக்கொண்டே இருக்கும், எந்நேரமும் மனிதர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். லாப்ரடாரைப் பழக்குவது சுலபம் என்று சொல்வதற்குக் காரணம் இந்த மூன்றுதான். வீட்டில் வரும் தொல்லை முழுக்க வருவதும் இதே மூன்றிலிருந்துதான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிற வேலை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது

பெயரில் லாப்ரடார் இருந்தாலும் இதன் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், செயின்ட் ஜான்ஸ் துறைமுகப் பக்கம் மீனவர்களோடு இருந்தவை. தூண்டிலில் இருந்து நழுவிய மீனைக் கடிக்காமல் கவ்விக்கொண்டு வருவது, குளிர்ந்த தண்ணீரில் நீந்தி வலைக்கயிற்றை இழுத்து வருவது, இதுதான் வேலை. மீன் வியாபாரக் கப்பல்களோடு அந்த நாய்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்தன. மால்ம்ஸ்பரி பிரபுக்களும் ஸ்காட்லாந்தின் பக்ளூ பிரபுக்களும் வேட்டையில் சுட்டு விழுத்திய பறவைகளை எடுத்து வர அவற்றை வளர்த்துப் பெருக்கினார்கள். 1903இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1991 முதல் 2021 வரை தொடர்ந்து 31 வருஷம் அதிகம் பதிவான நாய் இதுதான்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது தானாகக் காவல் காக்கவோ ஆடு மேய்க்கவோ உருவான நாய் இல்லை. மனிதனின் முகத்தைப் பார்த்து, அவன் கை காட்டிய பக்கம் ஓடி, எடுத்ததைத் திரும்ப அவன் கையிலேயே கொடுக்க உருவானது. அதனால்தான் பார்வையற்றோருக்கு வழிகாட்டியாகவும், போலீஸிலும் ராணுவத்திலும் வெடிகுண்டு மோப்பத்துக்கும் இதைத் தேடி எடுக்கிறார்கள். அதே காரணத்தால் வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று லாப்ரடார் வாங்குவது சரியான முடிவு இல்லை. குரைக்கும், உருவத்தைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள், அவ்வளவுதான். உள்ளே வந்தவர் அன்பாக இரண்டு வார்த்தை பேசினால் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடும்.

படி 1: எடுப்பதற்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

குட்டி எட்டு வார வயதுக்கு முன்னால் தாயிடமிருந்து பிரியக் கூடாது. இந்திய அரசின் 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படியும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் "நாற்பது நாள் ஆச்சு, இப்ப எடுத்தாதான் உங்ககிட்ட ஒட்டும்" என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு புரண்டு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. ஆறு வாரத்தில் பிரித்த குட்டி உங்கள் கையை ரத்தம் வரக் கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாயை நேரில் பாருங்கள். ஆள் வந்தால் தாய் எப்படி நடந்துகொள்கிறது, பயந்து ஒதுங்குகிறதா, உறுமுகிறதா, வந்து முகர்கிறதா என்று பாருங்கள். குட்டியின் குணத்தைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் நம்பகமான தகவல் அதுதான். தாய் தகப்பனின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள், இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரவலாக உள்ள பரம்பரைப் பிரச்சினை. கறுப்பு, மஞ்சள், சாக்லேட் என்ற நிறத்துக்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பிரிட்டனில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் மற்ற நிறங்களின் சராசரி ஆயுள் 12 வருஷத்தைத் தாண்ட, சாக்லேட் நிறத்துக்கு 10.7 வருஷமாக இருந்தது, காது, தோல் நோய்களும் அதற்கு அதிகம். அந்த நிறத்துக்கென்று கூடுதல் விலை கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

வேட்டைப் பரம்பரையில் வந்தது ஒல்லியாக, துறுதுறுவென்று இருக்கும். நாய்க் கண்காட்சிக்கென்று வளர்த்த பரம்பரை கட்டையாக, கனத்த தலையோடு, கொஞ்சம் நிதானமாக இருக்கும். முதல் தடவை நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு இரண்டாவது வகைதான் நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்", பையன் "சிட்", பாட்டி "கீழ இரு" என்றால் நாய்க்கு எதுவுமே புரியாது. உட்கார், வா, விடு, இரு, இறங்கு என்று ஐந்து சொல்லை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். சோபாவில் ஏறலாமா, சாப்பாட்டு மேஜையில் இருந்து கொடுக்கலாமா என்பதையும் குட்டி வருவதற்கு முன்பே முடிவு பண்ணுங்கள்.

படி 2: முதல் இரண்டு வாரம், தூக்கமும் சிறுநீரும்

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும், தூங்க வேண்டும். மாலையில் குட்டி வெறி பிடித்த மாதிரி ஓடி, எல்லாவற்றையும் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. குழந்தைகள் தூங்கும் குட்டியை எழுப்பித் தூக்கக் கூடாது என்பதை வீட்டின் முதல் சட்டமாக்குங்கள்.

கம்பிக் கூண்டு ஒன்று வாங்கினால் நல்லது, பூட்டி வைக்க இல்லை, அதற்கென்று ஓர் அறை மாதிரி. கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை அதற்குள் வைத்து, தானாகப் போய்ப் படுக்கும் வரை விடுங்கள். ராத்திரி முதல் சில நாள் கூண்டை உங்கள் கட்டில் பக்கத்தில் வையுங்கள். ஆள்பிரியம் உள்ள இனம் இது, புது வீட்டில் முதல் ராத்திரியே மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ தனியாக விட்டால் அந்தப் பயம் மனதில் தங்கிவிடும்.

சிறுநீர் விஷயத்தில் விதி எளிது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள், இடையில் மணிக்கொரு தடவை. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது பகலில் அதிகபட்சம் அடக்கும், அதை நம்பிச் சோதிக்க வேண்டாம். ஒரே இடத்துக்குப் போங்கள், ஒரே சொல்லைச் சொல்லுங்கள், போய் முடித்த அந்த நொடியில் அங்கேயே ஒரு துண்டு தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் தீனி என்று அது நினைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம், அதனால் அது கற்றுக்கொள்வது உங்கள் முன்னால் போகக் கூடாது என்பதை மட்டும்தான், அப்புறம் கட்டிலுக்கு அடியில் போகும். பினாயில் போட்டாலும் பழைய வாடை அதன் மூக்குக்குத் தெரியும், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தால் துடைத்தால் போகும்.

படி 3: வாய்

லாப்ரடார் வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் மனம் உடைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். எட்டு வாரத்தில் இருந்து ஆறேழு மாதம் வரை, பால் பல் விழுந்து நிலைப் பல் வரும் வரைக்கும், கை, கால், வேட்டி நுனி, புடவைத் தலைப்பு எல்லாம் அதன் வாயில்தான். இது கோபம் இல்லை. வாயால் வேலை செய்யப் பிறந்த இனம், போதாக்குறைக்குப் பல் முளைத்து ஈறும் அரிக்கிறது.

பல் தோலில் பட்டவுடன் விளையாட்டு நிற்க வேண்டும். கத்தாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் ஓடும் இரை மாதிரி ஆகி இன்னும் வேகமாகப் பிடிக்கும். கையைத் தளர்த்தி, எழுந்து, இருபது முப்பது விநாடி முகத்தைத் திருப்பி நில்லுங்கள். திரும்பி வந்து உட்காரும்போது கையில் ஒரு பொம்மை இருக்கட்டும், கடிக்க அதைக் கொடுங்கள். இதை வீட்டில் எல்லாரும் செய்ய வேண்டும். அப்பா மட்டும் கையைக் கொடுத்துக் குத்துச்சண்டை விளையாடிக்கொண்டிருந்தால் அதன் விலையைக் கொடுப்பது வீட்டில் உள்ள நான்கு வயதுக் குழந்தைதான்.

கடிக்கச் சரியான பொருள் நிறையக் கொடுங்கள். ஈரத்துணியை முறுக்கி ஃபிரீஸரில் வைத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும், துணி கிழிய ஆரம்பித்தால் வாங்கிவிடுங்கள். உள்ளே தயிர்சாதம் அடைத்து உறைய வைத்த ரப்பர் பொம்மை ஒன்று இருந்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது, அது சிதறிக் குடலைக் குத்தும். மாம்பழ சீசனில் கொட்டையைக் கீழே விடாதீர்கள், முழுசாக விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

அடுத்தது "விடு". இதை முறையாகச் சொல்லிக்கொடுத்தால் உயிரையே காப்பாற்றும். குட்டி வாயில் ஒரு பொம்மை இருக்கும்போது அதன் மூக்குக்கு முன்னால் ஒரு துண்டு கோழி காட்டுங்கள். வாய் திறந்து பொம்மை விழும்போது "விடு" என்று சொல்லி, கோழியைக் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதுதான் இதில் சூட்சுமம். இவரிடம் கொடுத்தால் நஷ்டம் இல்லை என்று தெரிந்த நாய் செருப்பையும் கொண்டுவந்து கையில் வைக்கும். இதற்கு எதிராக, வீட்டைச் சுற்றித் துரத்தி, தாடையைப் பிளந்து பிடுங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, துரத்துவது விளையாட்டாகி நீங்கள் பார்க்கும்போது வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு ஓடும். இரண்டு, கிடைத்ததை அவசரமாக விழுங்கும், அல்லது மேலே படுத்துக்கொண்டு உறும ஆரம்பிக்கும். "நல்லா இருந்த லேப் திடீர்னு உறுமுது" என்று சொல்கிற வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பிடுங்கல் கதைதான் வெளியே வரும்.

படி 4: பதினான்கு வாரம் வரைக்குமான உலகம்

மூன்று வாரத்தில் இருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை குட்டியின் மூளை புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் தடுப்பூசி முழுசாகப் போட்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட பதினாறு வாரம் ஆகிவிடும், அதுவரை தெருவில் பார்வோ வைரஸ் (வாந்தி, ரத்தப்பேதியில் குட்டியின் உயிரையே பறிக்கக்கூடியது) பயம் நிஜமானது. அதற்காகக் குட்டியை நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டினால் நோயில் இருந்து தப்பித்து, ஆட்டோ சத்தத்துக்கு நடுங்கும் நாயாக வளரும்.

தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மடியில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள், கோயில் வாசலுக்குப் போங்கள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சற்றுத் தள்ளி நில்லுங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தடி ஊன்றியவர், தலையில் கூடை சுமப்பவர், பர்தா அணிந்தவர், ஓடும் குழந்தை என்று எல்லாரையும் பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட, அமைதியான பெரிய நாய் உள்ள நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். கால் பாதத்தைத் தொடுவது, காதைப் புரட்டுவது, வாயைத் திறப்பது, நகம் வெட்டும் கருவியைக் காட்டுவது, இவற்றைத் தினமும் தீனியோடு செய்யுங்கள். 30 கிலோ நாய் கால்நடை மருத்துவரின் மேஜையில் அமைதியாக நிற்பது இந்த வாரங்களில் தீர்மானமாகிறது.

தீபாவளி வெடிக்கும் இப்போதே பழக்கலாம். வெடிச் சத்தப் பதிவை போனில் மிக மெல்லிய ஒலியில் வைத்து, சாப்பாடு போடும்போது ஓடவிட்டு, பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குட்டி சாப்பிடுவதை நிறுத்தினால் நீங்கள் வேகமாக ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம், குறையுங்கள்.

படி 5: வயிறு

லாப்ரடாரின் பசி பேராசை இல்லை, பல நாய்களில் அது மரபணுவிலேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பி.ஓ.எம்.சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் அதற்குப் பங்கு உண்டு. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்த மாற்றம் இருந்தது. அதே ஆய்வில் உதவி நாய்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றைப் பார்த்தபோது நான்கில் மூன்றுக்கு இருந்தது. தீனிக்காக வேலை செய்யும் நாய்தான் பயிற்சியில் முன்னால் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 2024இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது: இந்த மாற்றம் உள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது கால்பங்கு குறைவான சக்தியையே செலவழிக்கின்றன. பசி அதிகம், செலவு குறைவு, அதனால்தான் இத்தனை குண்டு லாப்ரடார்கள்.

ஆகவே ஒரு நாள் சாப்பாட்டைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போடுங்கள். பயிற்சிக்குக் கொடுப்பது அதில் இருந்துதான் போக வேண்டும், கூடுதலாக இல்லை. உலர்தீனி ஒவ்வொரு துண்டும் ஒரு சம்பளம். வீட்டுக்குள் சின்ன வேலைக்கு உலர்தீனி போதும், வெளியே கவனம் சிதறும் இடத்தில் உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி வேண்டும், ஒரு துண்டு அரைக் கொண்டைக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். வெள்ளரியையும் கேரட்டையும் இந்த இனம் சந்தோஷமாகச் சாப்பிடும். வெங்காயம், பூண்டு, திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட் எல்லாம் விஷம். மீந்த சாம்பாரை ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதில் சின்ன வெங்காயம் இருப்பதை யாரும் யோசிப்பதில்லை.

விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும், மேலே இருந்து பார்த்தால் இடுப்பு தெரியவேண்டும். வளர்ந்த ஆண் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ என்பது கணக்கு. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது, கால்பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாக வந்தது. பாவம் பசிக்குதே என்று ஊட்டுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

படி 6: ஐந்து சொல்

ஃபிரிட்ஜில் ஒட்டிய ஐந்தில் "விடு" படி 3இல் வந்துவிட்டது, மீதி நான்கும் கூடவே இழுக்காமல் நடப்பதும் இங்கே. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிஷம், ஒரு நாளில் நான்கைந்து தடவை. அதற்கு மேல் வேண்டாம். சரியாகச் செய்த அந்தக் கணத்தைக் குறிக்க ஒரு சின்னச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், "குட்" போதும். சொல் முதலில், தீனி அடுத்த விநாடி.

உட்கார்: தீனியை மூக்குக்கு மேலே கொண்டுபோய் மெதுவாகப் பின்பக்கம் நகர்த்தினால் தலை நிமிரும்போது பின்பக்கம் தானாகக் கீழே போகும். தரையில் பட்டவுடன் "குட்", தீனி. பல தடவை ஆனபிறகுதான் "உட்கார்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். முதுகை அமுக்காதீர்கள். இரண்டு நாளில் வந்துவிடும், அதனால் இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வா: இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் "வா" என்ற சொல் கெட்டுப்போயிருக்கும், ஏனென்றால் குளிப்பாட்ட, ஊசி போட, விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அந்தச் சொல் வருகிறது. வந்தால் நல்லதே நடந்ததில்லை என்றால் எதற்கு வரவேண்டும்? வீட்டுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறிக் கூப்பிட்டுக் கோழி கொடுங்கள். அப்புறம் அறை மாற்றி, அப்புறம் மாடியில், அப்புறம் பூட்டிய மைதானத்தில் பத்து மீட்டர் கயிறு கட்டி. வந்ததும் கழுத்துப்பட்டையைத் தொட்டு, தீனி கொடுத்து, பத்தில் ஒன்பது தடவை "போ, விளையாடு" என்று திரும்ப விட்டுவிடுங்கள். தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள், நாய் கணக்கில் அது வந்ததற்கான திட்டு. சாலை ஓரத்தில் எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் கயிறு இல்லாமல் விடக் கூடாது.

இழுக்காமல் நடப்பது: கயிறு விறைத்தால் நீங்கள் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும், தளர்ந்தால் நடக்க வேண்டும். முதல் வாரம் தெருமுனை வரைகூடப் போக முடியாது, பரவாயில்லை. நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) உதவும், முள் காலரும் இறுக்கும் சங்கிலியும் இந்த இனத்துக்குத் தேவையே இல்லை. தெருநாய்கள் வந்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் கத்தாமல், தூரத்தில் பார்த்தவுடனே தீனி காட்டி வேறு பக்கம் திரும்பிவிடுங்கள்.

இறங்கு: ஆள் மேல் தாவுவது இதன் ஆள்பிரியத்தின் விளைவு. தாவும்போது தள்ளுவது, திட்டுவது, பார்ப்பது எல்லாமே அதற்குக் கிடைக்கும் கவனம்தான். நான்கு கால் தரையில் இருந்தால் மட்டும் தொடல், இல்லையென்றால் முதுகு காட்டல். காலிங்பெல் அடித்தவுடன் கதவைத் திறப்பதற்கு முன் கயிற்றை மாட்டுங்கள், உட்காரச் சொல்லுங்கள், அப்புறம் திறங்கள். "பரவாயில்லீங்க, எனக்கு நாய்னா பிரியம்" என்று சொல்லித் தாவவிடும் விருந்தாளியிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள், அடுத்து வருபவர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்த பாட்டியாக இருக்கலாம்.

"இரு" என்பதை ஒரு விநாடியில் ஆரம்பித்து, இரண்டு, ஐந்து, பத்து என்று கூட்டுங்கள். தூரத்தையும் நேரத்தையும் ஒரே சமயத்தில் கூட்டாதீர்கள்.

படி 7: தனியாக இருக்கக் கற்றுக்கொடுப்பது

எல்லாரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒன்பது மணி நேரம் தனியாக இருக்கும் லாப்ரடார் கதவைச் சுரண்டும், ஓயாமல் குரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். குட்டியாக இருக்கும்போதே ஒரு நிமிஷம் வெளியே போய் வாருங்கள், அப்புறம் மூன்று, பத்து, முப்பது. போகும்போதும் வரும்போதும் பெரிய பாசக் காட்சி வேண்டாம். பகல் முழுக்க யாரும் இல்லாத வீடு என்றால், மத்தியானம் வந்து பார்க்க ஆள் ஏற்பாடு பண்ண முடியாது என்றால், இந்த இனம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேறு நாய்கள் சமாளிக்கலாம், இது சமாளிக்காது.

படி 8: ஆறு முதல் பதினெட்டு மாதம்

ஐந்து மாதத்தில் அழகாக எல்லாம் கேட்ட நாய் எட்டு மாதத்தில் "உட்கார்" என்றால் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில் இதே விஷயம் தெரிந்தது. எட்டு மாதத்தில் அவை தங்களை வளர்ப்பவர் சொல்வதை முன்பைவிடக் குறைவாகக் கேட்டன, அறிமுகமில்லாதவர் சொன்னால் கேட்டன. ஒரு வயதுக்குள் திரும்பச் சரியானது.

இந்த நேரத்தில்தான் கை ஓங்குகிறார்கள், இந்த நேரத்தில்தான் நாயை வேறு யாருக்காவது கொடுக்கிறார்கள். அடிக்கும் கையைப் பார்த்துப் பயந்த நாய் "வா" என்றால் இன்னும் தள்ளிப் போகும், அவ்வளவுதான் பலன். இரண்டு படி பின்னால் போய், வீட்டுக்குள் சுலபமான வேலை கொடுத்து, நல்ல தீனி கொடுத்து, கயிறு கட்டியே வெளியே கூட்டிப்போங்கள். உடற்பயிற்சியோடு மூளைக்கும் வேலை வேண்டும். சாப்பாட்டைக் கிண்ணத்தில் போடாமல் புல்லில் தூவித் தேடவிடுங்கள், வீட்டுக்குள் பந்தை ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ மோப்ப விளையாட்டுகூட அதை நன்றாகக் களைப்பாக்கும். மூட்டு முழுசாக உறுதியாகும் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை வயது வரை, மாடிப்படியில் ஓட்டம், உயரத் தாவல், பைக்கோடு ஓடவிடுவது வேண்டாம். நீச்சல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

நம் வெயிலை மறக்கக் கூடாது. குளிர்ந்த கடலுக்காக உருவான இரட்டை ரோமம் இது, வெளியே முரட்டு முடி, உள்ளே அடர்ந்த மென்முடி. கோடையில் காலை ஆறரைக்குள் நடையை முடியுங்கள், மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பந்து கிடைத்தால் மயங்கி விழும் வரை ஓடும் இனம், நிறுத்துவது உங்கள் பொறுப்பு. மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் உடனே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, காற்று படவிட்டு, மருத்துவரிடம் ஓடுங்கள்.

படி 9: குழந்தைகள் இருக்கும் வீடு

எவ்வளவு சாதுவான லாப்ரடாராக இருந்தாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடக் கூடாது. கடிப்பதைவிட இடித்துத் தள்ளுவதும் வாலால் அடிப்பதும்தான் அதிகம் நடக்கும். சாப்பிடும்போது, எலும்பு மெல்லும்போது, தூங்கும்போது தொடக் கூடாது, மேலே ஏறி உட்காரக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். நாய் முகத்தைத் திருப்புகிறது, உதட்டை நக்குகிறது, உடம்பு விறைக்கிறது என்றால் போதும் என்று சொல்கிறது. உறுமினால் உறுமியதற்காக அடிக்காதீர்கள். எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கையில்லாமல் கடிக்கும். ஏழெட்டு வயதுக் குழந்தை பெரியவர் பக்கத்தில் இருக்க, உள்ளங்கையில் தீனி வைத்து "உட்கார்" சொல்லட்டும், இருவருக்கும் அது பெரிய சந்தோஷம்.

படி 10: பயிற்சியாளர் தேவைப்பட்டால்

நாய் யாரையாவது கடித்துவிட்டது, சாப்பாட்டுப் பக்கம் போனாலே பல்லைக் காட்டுகிறது, தனியாக இருந்தால் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் தாமதிக்காமல் ஆள் தேடுங்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, காது வலியோ மூட்டு வலியோ காரணமா என்று பார்த்துவிடுங்கள், லாப்ரடாருக்கு இரண்டுமே சகஜம். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்று: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள், நான் கூடவே நிற்கலாமா? முதல் கேள்விக்குத் தீனி, விளையாட்டு என்று பதில் வரவேண்டும். இரண்டாவதுக்குத் தடி, மின்சாரக் காலர், தரையில் அழுத்திப் பிடிப்பது என்று வந்தால் கிளம்பிவிடுங்கள். ஒரு மாதம் விட்டுட்டுப் போங்க, பழக்கித் தர்றோம் என்று சொல்லி உங்களைப் பார்க்கவிடாத இடத்திலும் விடாதீர்கள், பயிற்சியில் பாதி நாய்க்கென்றால் மீதிப் பாதி உங்களுக்கு. உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கையில் தீனியைக் கொடுத்து, உங்களையே செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று திருத்துகிறவராகப் பாருங்கள்.